நாலு டெஸ்க்டாப்பும் ஒரு கல்யாணப் பத்திரிகையும்

எவாஞ்சலினின் கம்ப்யூட்டரில் எந்த ஃபைலுக்கும் ஒழுங்கான பெயர் கிடையாது. இடம்தான் உண்டு. புதிதாக வந்த வேலை திரையின் இடது ஓரத்தில் இருக்கும். புரூஃப் போய்த் திரும்பி வராதது நடுவில். வாடிக்கையாளர் பார்த்து, திருத்தி, "இதான், இனிமே மாத்தமில்ல" என்று சொல்லிவிட்டால் அதை மவுஸால் இழுத்து வலது மேல் மூலையில் கொண்டுபோய் வைப்பாள். அந்த மூலைக்குப் போன ஃபைலை அச்சகத்துக்கு அனுப்பும்வரை தொடமாட்டாள். கொடுத்து முடித்தது கீழ் ஓரத்துக்கு இறங்கும். 'புதுசு', 'புதுசு 2', 'ஃபைனல்' என்று பெயர்கள் எப்படி வேண்டுமானாலும் இருக்கும். ஃபைனல் என்று பெயர் வைத்த பிறகுதான் வாடிக்கையாளருக்குப் புதிதாக யோசனை வரும் என்பது அவள் அனுபவம்.

வயது நாற்பத்தேழு. ஆவடியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் லோயர், ஹையர் இரண்டும் முடித்தவள். மண்ணூர்பேட்டையில் உலகநாதனின் அச்சகத்தில் ஒன்பது வருடம் உட்கார்ந்து கம்போஸ் செய்தாள். பிறகு சேக்காட்டில் சொந்த வீட்டின் முன்னறையிலேயே கம்ப்யூட்டரும் பிரிண்டரும் போட்டுக்கொண்டாள். கல்யாணப் பத்திரிகை, நினைவஞ்சலி அட்டை, கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வேடு என்று உலகநாதன் அனுப்புவது அத்தனையும் இங்கேதான் அடிக்கப்பட்டது. இப்போது சில மாதங்களாக அவர் பாதி வேலையை முகப்பேரில் வேறொருவரிடம் கொடுக்கிறார். அந்த ஆள் வேகம். வண்ணப் பூவெல்லாம் போட்டு ஒரே நாளில் தந்துவிடுவார்.

"அவன் சீக்கிரம் குடுக்கிறான், நீ தப்பில்லாம குடுக்கிற. அதுக்காவதான் உன்னை வுடாம வெச்சினுகீறேன்" என்று உலகநாதன் ஒருமுறை சொன்னார். பாராட்டாகத்தான் சொன்னார். எவாஞ்சலினுக்கு அது எச்சரிக்கையாகக் கேட்டது. ஒரு தப்பு போனால் போதும், தன்னை வைத்திருக்க அவருக்கு வேறு காரணம் இல்லை.

லினக்ஸ் அவள் தேடிப் போனதல்ல. பழைய விண்டோஸுக்கு இனி அப்டேட் வராது, புதியது இந்த மெஷினில் ஏறாது என்று பூந்தமல்லியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஜமீர் சொன்னார். வேறு மெஷின் வாங்கும் எண்ணம் இல்லை என்றதும் அவரே வந்து லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தார். பழைய டைப்ரைட்டர் விசைப்பலகையில் தமிழ் வரும்படி செய்துவிட்டுத்தான் கிளம்பினார். கீழே ஒரு பட்டை, இடது மூலையில் மெனு, திரையில் ஃபைல்கள். பழையதிலிருந்து பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒன்றரை மாதம் நன்றாகவே ஓடியது.

ஒரு வியாழக்கிழமை மதியம், ஆய்வேடு ஒன்றைத் திறந்தபோது திரையில் அதன் ஜன்னல் நகராமல் நின்று நின்று வந்தது. ஜமீருக்கு போன் செய்தாள்.

"அதுக்கு மெமரி கம்மிக்கா. நீ வெச்சினுகீறது சின்னமன். கொஞ்சம் கனம். வேற டெஸ்க்டாப் போட்டுக்கோ, லேசா ஓடும்."

"டெஸ்க்டாப்னா இன்னா? இந்தத் திரைதானே?"

"திரை இல்லக்கா, திரையில தெரியுற செட்டு. பட்டை, மெனு, ஜன்னலை மூடுற பட்டன், இதெல்லாம் ஒரு செட்டு. செட்டை மாத்திக்கலாம். உள்ள கீற லினக்ஸ் அதேதான்."

"எத்தினி செட்டு கீது?"

"நெறைய கீது. எக்ஸ்எஃப்சிஇ, க்னோம், கேடிஇன்னு..."

"எது நல்லது?"

"உனக்கு எது புடிக்குதோ அது."

இந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. எது நல்லது என்று கேட்டால் எது நல்லது என்று சொல்ல வேண்டும். டைப்ரைட்டிங் பரீட்சைக்கு முதல் நாள் அவள் இன்ஸ்டிட்யூட்டில் இருந்த மெஷின்களில் மூன்றை வரிசையாக அடித்துப் பார்த்து, எதில் 'ண' பாதியில் நிற்கவில்லையோ அதையே கேட்டு வாங்கினாள். பார்க்காமல் எப்படிப் பிடிக்கும்? சாஃப்ட்வேர் மேனேஜரைத் திறந்து ஜமீர் சொன்ன மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றினாள். சாயங்காலம்வரை இறங்கிக்கொண்டே இருந்தது. நடுவில் ஏதோ கேள்வி கேட்டது. புரியவில்லை. ஓகே கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை கம்ப்யூட்டரைப் போட்டாள். பாஸ்வேர்ட் கேட்கும் இடத்தில் அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் இருந்தது. தொட்டால் பட்டியல் ஒன்று விரிந்தது. அதில் க்னோம் என்று இருந்ததைத் தேர்ந்தெடுத்து உள்ளே போனாள்.

உள்ளே ஒன்றுமில்லை. மேலே ஒல்லியாக ஒரு கறுப்புக் கோடு, நடுவில் மணி. கீழே பட்டை இல்லை. மெனு இல்லை. ஃபைல் ஒன்றுகூட இல்லை. பின்னணிப் படம் மட்டும் அழகாக இருந்தது.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவள் கணவர் பால்ராஜ் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே எட்டிப் பார்த்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் இருக்கிறார்.

"இன்னா இது, தொடைச்சு வெச்ச மாரி கீது?"

"எல்லாம் பூட்சுங்க."

"எங்க பூட்சு?"

"தெரிஞ்சா நான் ஏன் இப்படி உக்காந்துனுகீறேன்?"

"ஆய்வேடு போனா அந்தப் பையன் மறுபடி எழுதிப்பான். ஆரோக்கியசாமி அண்ணன் பத்திரிகை கீதா?"

அன்று மாலை நான்கு மணிக்கு அச்சகத்துக்குப் போக வேண்டியது அந்தப் பத்திரிகைதான்.

அம்பத்தூர் ஓ.டி.யில் இருக்கும் ஆரோக்கியசாமியின் மகள் கல்யாணம். பத்திரிகையில் பைபிள் வசனம், தேவாலயம், மண்டபம், எதிலும் பிரச்சினை வரவில்லை. கடைசியில் 'தங்கள் வருகையை விரும்பும்' என்ற வரிக்குக் கீழே யார் பெயர் முதலில் என்பதில்தான் வந்தது. ஆரோக்கியசாமியின் அக்கா கணவர் யூஜின் முதலிலா, ஆரோக்கியசாமியின் மனைவி ஞானசௌந்தரியின் தம்பி அரவிந்தன் முதலிலா? இரண்டு வாரத்தில் நான்கு தடவை மாறியது. நான்கையும் எவாஞ்சலின் தனித்தனி ஃபைலாக வைத்திருந்தாள். எப்போது எது திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. செவ்வாய்க்கிழமை மாலை ஆரோக்கியசாமி நேரில் வந்து, அவள் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் இருந்ததை விரல் வைத்துப் படித்து, "இதாம்மா, முடிச்சுடு" என்றார். அவர் எதிரிலேயே அதை வலது மூலைக்கு இழுத்தாள்.

அப்போதே அனுப்பியிருக்கலாம். உலகநாதன்தான் தடுத்தார். "கார்டு வெள்ளிக்கிழமைதாம்மா வருது. அதுவரைக்கும் உன்கிட்டயே இருக்கட்டும். என்கிட்ட இருந்தா அவரு வந்து மறுபடி பாப்பாரு. பாத்தா மாத்துவாரு. அவருக்கு காட்டாத, போனும் பண்ணாத."

பால்ராஜ் போன பிறகு அவள் வெளியே வந்து, பட்டியலில் அடுத்ததைத் தேர்ந்தெடுத்தாள். கேடிஇ. இந்தத் தடவை கீழே பட்டை இருந்தது, ஃபைல்களும் இருந்தன. உயிர் வந்தது. ஆனால் எல்லாம் இடது பக்கம் ஒட்டி, ரேஷன் கடை வரிசை மாதிரி நின்றன. நடுவும் மூலையும் காலி. பத்திரிகையின் நான்கு ஃபைல்களும் மற்ற வேலைகளுக்கு நடுவே கலந்து கிடந்தன: ஆரோக்கியசாமி, ஆரோக்கியசாமி புதுசு, ஆரோக்கியசாமி புதுசு 2, ஆரோக்கியசாமி ஃபைனல்.

முதலாவதைத் திறந்தாள். எந்த ஃபைலைத் திறந்தாலும் ஒரு எழுத்தை அடித்துப் பார்ப்பது அவளுக்கு டைப்ரைட்டர் நாளிலிருந்தே பழக்கம். அன்று ரிப்பனில் மை இருக்கிறதா என்று பார்க்க. இன்று தமிழ் வருகிறதா என்று பார்க்க. அடித்தாள். ஆங்கில எழுத்து வந்தது. அழித்தாள். மூடுமுன் சேமித்தாள். அதுவும் பழக்கம்தான். தினமும் கரண்ட் போன வருடங்களில் வேலையை இழந்து இழந்து கற்றது. சேமிக்காமல் அவள் விரல் எந்த ஃபைலையும் மூடாது. இரண்டாவதைத் திறந்தாள். அதிலும் ஆங்கிலம்தான் வந்தது. அழித்தாள், சேமித்தாள், மூடினாள். மூன்றாவது. நான்காவது.

தமிழ் எங்கே போனது? இந்தச் செட்டில் தமிழே கிடையாதா? ஒவ்வொரு செட்டுக்கும் தனித்தனியாகத் தமிழ் போட வேண்டுமா? மறுபடி வெளியே வந்து எக்ஸ்எஃப்சிஇக்குப் போனாள். இதில் தமிழ் வந்தது. ஃபைல்கள் வேறொரு வரிசையில் நின்றன. நான்கையும் மறுபடி திறந்தாள். அடித்தாள், அழித்தாள், சேமித்தாள், மூடினாள். இரண்டில் யூஜின் முதலில் இருந்தார். இரண்டில் அரவிந்தன் முதலில் இருந்தார். யூஜின் முதலில் வந்த இரண்டில் ஒன்றில் அவர் பெயருக்குப் பின்னால் 'தலைமையாசிரியர், ஓய்வு' என்று இருந்தது. ஒன்றில் இல்லை.

செவ்வாய்க்கிழமை திரையில் இருந்தது எது? ஆரோக்கியசாமியின் விரல் நினைவுக்கு வந்தது. விரலில் இருந்த வெள்ளி மோதிரம் நினைவுக்கு வந்தது. மோதிரத்துக்குக் கீழே என்ன எழுதியிருந்தது என்பது வரவில்லை. அவளைப் பொறுத்தவரை அந்த ஃபைலை மூலையில் வைத்த நிமிஷத்தோடு அதை நினைவில் வைத்திருக்கும் பொறுப்பு முடிந்துவிட்டது. மூலை எதற்கு இருக்கிறது?

தேதியைப் பார்க்கலாமே என்று தோன்றியது. கடைசியாக மாற்றியது எதுவோ அதுதானே. நான்கு ஃபைல்களின் தேதியையும் பார்த்தாள். நான்கிலும் இன்றைய தேதி. பத்து மணி இருபத்திரண்டு நிமிடம், இருபத்து மூன்று, இருபத்து மூன்று, இருபத்து நான்கு. இரண்டாவது சுற்றில் அவளே சேமித்து வைத்த நேரம்.

ஜமீருக்கு போன் போனது.

"இன்னாக்கா, புடிச்சுதா?"

"ஜமீரு, என் ஃபைல் எல்லாம் எடம் மாறிப் பூட்சு."

"எடம் மாறலக்கா. அதே ஃபோல்டர்லதான் கீது. நாலும் அந்த ஒரே ஃபோல்டரைத்தான் காட்டுது. ஒண்ணு வரிசையா காட்டும், ஒண்ணு காட்டவே காட்டாது."

"காட்டாத ஒண்ண எதுக்குப்பா செஞ்சாங்க?"

"திரை சுத்தமா கீறது சில பேருக்குப் புடிக்கும்."

"வேலை எங்க வெப்பாங்க அவங்க?"

"ஃபோல்டர்லக்கா."

"எனக்கு நான் வெச்ச எடம் வேணும். அது எங்க கீது?"

"பழைய சின்னமன்ல கீதான்னு பாருக்கா. வெளிய வந்து அந்த வட்டத்தைத் தொட்டு சின்னமன் எடு. அது உன் எடத்தை ஞாபகம் வெச்சினு இருக்கும். பெரும்பாலும்."

"பெரும்பாலும்னா?"

"இருக்கும்க்கா. பாரேன்."

போனாள். பழைய பட்டை, பழைய மெனு. ஃபைல்கள் பரந்து நின்றன. இடது ஓரம், நடு, மூலை. வலது மேல் மூலையில் ஒரே ஒரு ஃபைல்: ஆரோக்கியசாமி புதுசு 2. யூஜின் முதலில், 'தலைமையாசிரியர், ஓய்வு' என்று இருந்தது.

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தவள் உடனே நிமிர்ந்தாள். நடுவில் கிரண் என்ற மாணவனின் ஆய்வேடு இருந்தது. அதை அவள் புதன்கிழமையே முடித்துக் கொடுத்துவிட்டாள். முடித்தது கீழே அல்லவா இருக்க வேண்டும்? நடுவுக்கு எப்படி வந்தது? தானே எடுத்து வைத்தாளா, இந்தச் செட்டு மாறி மாறி வந்ததில் தானாக நகர்ந்ததா? ஒன்று நகர்ந்திருந்தால் எல்லாம் நகர்ந்திருக்கலாம். மூலையில் இருப்பது நான் வைத்ததா, மெஷின் வைத்ததா? பெரும்பாலும் என்றார் ஜமீர். ஐந்நூறு அட்டையைப் பெரும்பாலும் என்று சொல்லி அடிக்க முடியுமா?

மணி ஒன்று. உலகநாதன் போன்.

"யம்மா, கார்டு வந்துச்சு. நாலு மணிக்கு பிளேட்டு போடணும். அந்த மெஷினு நாலரைக்கு வேற வேலைக்கு பூடும். ஃபைல் ரெடிதானே?"

"ரெடிதாண்ணா" என்றாள்.

நான்கையும் பிரிண்ட் எடுத்தாள். பென் டிரைவில் நான்கையும் போட்டுக்கொண்டாள். போன் பண்ணாதே என்றுதானே உலகநாதன் சொன்னார், நேரில் போகாதே என்று சொல்லவில்லையே. பஸ் பிடித்து அம்பத்தூர் ஓ.டி.க்கு, ஆரோக்கியசாமி வீட்டுக்குப் போனாள்.

கதவைத் திறந்தது ஞானசௌந்தரி. கணவர் மண்டபத்துச் சாப்பாட்டு விஷயமாகப் பூந்தமல்லி போயிருப்பதாகச் சொன்னார். எவாஞ்சலின் மூச்சு வாங்கியபடி நான்கு தாளையும் டைனிங் டேபிளில் பரப்பினாள்.

"அக்கா, இதுல எது நீங்க முடிவு பண்ணது? கடைசியா ஒருவாட்டி பாத்துக்கலாம்னு..."

ஞானசௌந்தரி கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. அரவிந்தன் பெயர் முதலில் இருந்த ஒரு தாளைத் தொட்டார். "இது."

"நிச்சயமாவாக்கா?"

"பொண்ணுக்குத் தாய்மாமன் பேரு மேல இல்லாத பத்திரிகை எங்கனா கீதா? இதான்."

மூலையில் இருந்தது வேறு. அப்படியென்றால் மெஷின்தான் நகர்த்தியிருக்கிறது. ஆனால் இந்த அம்மா தொட்ட வேகத்தைப் பார்த்தால் வேறு மாதிரியும் தோன்றியது. செவ்வாய்க்கிழமை இவர் வரவில்லை. வந்தது கணவர் மட்டும்.

"அக்கா, அண்ணனை ஒரு வார்த்தை கேட்டுடட்டுமா?"

"அவரை ஏன் கேக்குற? நான்தான் சொல்றேனே."

"என் பொழப்புக்கா. தப்பா அடிச்சா உலகநாதண்ணா இனிமே எனக்கு வேலை தரமாட்டாரு."

ஞானசௌந்தரியே போனை எடுத்துக் கணவரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார்.

"இன்னாங்க, பத்திரிகைல யாரு பேரு மொதல்ல?"

"இன்னாடி மறுபடியும்? அன்னைக்கே பேசி முடிச்சோமில்ல. யூஜின் மச்சான் மேல. ரிட்டயர்டு எச்.எம்.னு போட்டு. எவாஞ்சலின் கிட்ட நேர்ல போய்ப் பாத்துட்டு வந்தேன்."

"நான் எங்க ஒத்துக்கினேன்?"

"நீ ஒத்துக்கல. சும்மா இருந்த. நான் அதைத்தான்..."

"சும்மா இருந்தா ஒத்துக்கினேன்னு அர்த்தமா?"

ஞானசௌந்தரி போனை வைத்தார். எவாஞ்சலின் புதுசு 2 என்ற தாளைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். மூலை சரிதான். மெஷின் நகர்த்தவில்லை. புதன்கிழமை கிரண் திரும்பி வந்து நூற்பட்டியலை மாற்றச் சொன்னதும், தானே அந்த ஆய்வேட்டை நடுவுக்கு இழுத்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"சரிம்மா" என்றார் ஞானசௌந்தரி. "அவரு சொன்னதையே போடு. ஆனா என் தம்பி பேருக்குப் பக்கத்துல 'தாய்மாமன்'னு ஒரு வார்த்தை போடு. பின்னாடி வந்தாலும் யாருன்னு தெரியணும்." அந்தத் தாளில் அந்த இடத்தில் பேனாவால் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார்.

மண்ணூர்பேட்டை போய்ச் சேர்ந்தபோது மணி நாலே முக்கால். உலகநாதன் வாசலில் நின்றிருந்தார்.

"மெஷின் பூட்சு. திங்கக்கெழமதான் இனிமே. எங்கம்மா போன?"

அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. டெஸ்க்டாப் மாற்றியதையும், நான்கு ஃபைலையும் சேமித்துத் தேதியைக் கெடுத்ததையும் சொன்னாள். காட்டாதே என்று சொன்ன வீட்டுக்கே போய்க் காட்டியதைக் கடைசியில் சொன்னாள்.

"டெஸ்க்டாப்பை இன்னைக்கா மாத்துவ? கல்யாணத்து நாளு சமையக்காரன மாத்துற மாரி."

"நேத்தே ஏத்திட்டேண்ணா."

"ரொம்ப வித்தியாசம்." கையெழுத்துப் போட்ட தாளை வாங்கி, கண்ணருகே வைத்துப் பார்த்தார். "ஒரு வார்த்தைதான் ஏறிச்சா? ஒரே ஒரு வார்த்தையா?"

"ஒரே வார்த்தை. நீங்க பயந்த மாரி ஒண்ணும் ஆவல."

"எனக்கு இன்னா பயம்?" அவர் தன் கம்ப்யூட்டர் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். "உக்காரு, அடி. லேட்டானா கஸ்டமர் திட்டுவாரு, நான் வாங்கிக்கிறேன். தப்பா அடிச்சிருந்தா உன்னைக் கூப்புட்டுப் பேசியே இருக்கமாட்டேன். அந்த முகப்பேரான் மொத ஃபைலை எடுத்துக் குடுத்துட்டுப் போயிருப்பான்." பிறகு, அவள் விசைப்பலகையில் கை வைத்த நேரம் பார்த்து, "இனிமே மூலை கீலை எல்லாம் வேணாம். பேப்பர்ல கையெழுத்து வாங்கு" என்றார்.

அவள் ஒரு எழுத்து அடித்து, தமிழ் வருகிறதா என்று பார்த்து, அழித்துவிட்டு, 'தாய்மாமன்' என்று அடித்தாள்.

சனிக்கிழமை ஜமீர் பூந்தமல்லியிலிருந்து வண்டியில் வந்தார். தெரியாமல் ஓகே கொடுத்த இடத்தில் எதுவும் கெடவில்லை என்று பார்த்துச் சொன்னார். நான்கு டெஸ்க்டாப்பும் எப்படி ஒரே ஃபைலைக் காட்டுகின்றன என்று மறுபடி விளக்கினார். அவள் தலையாட்டினாள். ஃபைல் ஒன்று, ஆனால் அது நிற்கும் இடம் நான்கு என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. நான்கு இடத்தில் நிற்கும் ஒன்று எப்படி ஒன்றாக இருக்கும்?

"சரி, எதை வெச்சிக்கப் போற? எக்ஸ்எஃப்சிஇ உனக்கு வேகமா ஓடும்."

"சின்னமன்."

"அது மெதுவாக் கீதுன்னுதானேக்கா ஆரம்பிச்ச?"

"மெதுவா போட்டும். வெச்சது வெச்ச எடத்துல இருந்துச்சில்ல."

"அப்ப மத்த மூணையும் எடுத்துடட்டுமா?"

எவாஞ்சலின் திரையைப் பார்த்தாள். வலது மூலை காலியாக இருந்தது. "எடுத்தா இதுக்கு ஏதாச்சும் ஆவுமா?"

"ஒன்னியும் ஆவாது" என்றார் ஜமீர். கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணோட ஒண்ணு சில சாமானைப் பங்கு போட்டுனு இருக்கும். அதைச் சேத்து எடுத்துட்டா... ஆனா பெரும்பாலும் ஆவாது."

"அப்ப விடு" என்றாள் எவாஞ்சலின். "அதுங்க பாட்டுக்கு கெடக்கட்டும்."